இரண்டு வகுப்புக்கு ஓர் அறை: கிராமத்துத் திருச்சபைப் பள்ளி ஒன்றின் பாடத்திட்டம்

இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு நாங்கள் குடிவந்தபோது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு வயது. அந்த ஊருக்கும் அதைச் சுற்றியுள்ள குக்கிராமங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பள்ளிதான் இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் தொடக்கப் பள்ளியான அதில் 58 பிள்ளைகள், மூன்று வகுப்பறைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து நான்கு ஆசிரியர்கள். மகள் நான்காம் ஆண்டிலும் (இங்கே வகுப்பை ஆண்டு என்பார்கள்) மகன் ஒன்றாம் ஆண்டுக்கு முந்தைய ரிசப்ஷன் வகுப்பிலும் சேர்ந்து இப்போது இரண்டு கல்வியாண்டுகள் முழுதாகக் கடந்துவிட்டன. கட்டடத்தைப் பற்றியோ மதிய உணவைப் பற்றியோ ஆசிரியர்களின் கனிவைப் பற்றியோ நான் இங்கே எழுதப்போவதில்லை. என்ன கற்பிக்கிறார்கள், எந்த வரிசையில் கற்பிக்கிறார்கள், அந்த வரிசை பிள்ளைகளின் தலையில் எப்படிப் போய் அமர்கிறது என்பதை மட்டுமே பார்க்க விரும்புகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

சிறிய பள்ளி என்பதால் பாடமும் சிறியதாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம் 600 பிள்ளைகள் படிக்கும் நகரப் பள்ளிக்கும் இந்த 58 பிள்ளைகளின் பள்ளிக்கும் ஒன்றேதான். ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல், ஓவியம், வடிவமைப்பும் தொழில்நுட்பமும், இசை, உடற்கல்வி, கணினி, மூன்றாம் ஆண்டிலிருந்து ஒரு பிறமொழி என்று பதினொரு பாடங்கள் அதில் உண்டு. அவற்றோடு, தேசியப் பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றாலும் சட்டப்படி கற்பித்தே தீர வேண்டிய சமயக் கல்வியையும் சேர்த்தால் பன்னிரண்டு. நான்கு ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டு பாடங்கள் என்றால், தம் வகுப்பை நடத்துவதோடு ஒவ்வொருவரும் மூன்று பாடங்களுக்குப் பள்ளி முழுவதற்குமான பொறுப்பாளராகவும் இருக்க வேண்டும். நகரப் பள்ளியில் வரலாற்றுக்கு ஒருவர், இசைக்கு ஒருவர் என்று இருப்பார்கள். இங்கே வரலாற்றைக் கவனிப்பவர்தான் உடற்கல்வியையும் கணினியையும் கவனிக்கிறார்.

ஆனால் இப்படிப்பட்ட பள்ளியின் உண்மையான சிக்கல் ஆள் பற்றாக்குறை அன்று, காலவரிசைதான். ரிசப்ஷன், ஒன்று, இரண்டு ஆகிய மூன்றும் ஓர் அறையிலும், மூன்றும் நான்கும் அடுத்த அறையிலும், ஐந்தும் ஆறும் கடைசி அறையிலும் அமர்ந்திருக்கின்றன. ஒரே அறையில் இருக்கும் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே வரலாற்றுப் பாடத்தை நடத்தினால், அடுத்த ஆண்டு அதே ஆசிரியர் அதே பாடத்தைத் திரும்ப நடத்த முடியாது. ஆகவே இரண்டு ஆண்டுப் பாடங்களை ஏ சுற்று, பி சுற்று என்று பிரித்துக்கொண்டு, ஓராண்டு ஏ, அடுத்த ஆண்டு பி என்று மாறி மாறி நடத்துகிறார்கள். வரலாறு, புவியியல் போன்ற பாடங்களுக்கு எந்த ஆண்டில் எதை நடத்த வேண்டும் என்று தேசியப் பாடத்திட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஏழு வயதிலிருந்து பதினொரு வயதுக்குள் முடித்துவிட்டால் போதும் என்கிறது. அறிவியலை ஆண்டுவாரியாக எழுதி வைத்திருந்தாலும், அந்த வயது வரம்புக்குள் முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொள்ள இடம் தருகிறது. இந்த நெகிழ்வு இல்லாவிட்டால் சிறிய பள்ளிகள் மூச்சுத் திணறிப்போயிருக்கும்.

எங்கள் பள்ளியின் ஏ சுற்றில் மூன்று, நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் கற்காலம் முதல் இரும்புக்காலம் வரையும், பிறகு பண்டைய எகிப்தும் படிக்கிறார்கள். பி சுற்றில் ரோமானியர்களும் ஆங்கிலோ-சாக்சன்களும் வருகிறார்கள். காகிதத்தில் பார்த்தால் அழகான வரிசை. ஆனால் பி சுற்று நடக்கும் ஆண்டில் மூன்றாம் ஆண்டுக்கு ஏறும் பிள்ளை முதலில் ரோமானியர்களைச் சந்தித்துவிட்டு, அடுத்த ஆண்டு கற்காலத்துக்குப் பின்னோக்கி நடக்கிறது. இது எங்கள் பள்ளியின் தவறு என்று சொல்ல மாட்டேன். இரண்டாண்டுச் சுழற்சியில் ஓட்டப்படும் எந்தப் பாடத்திட்டத்திலும் ஒன்றுவிட்டு ஒன்று வரும் ஒவ்வோர் அணியும் தலைகீழாகத்தான் கற்கும். இது கணக்கு, இதிலிருந்து தப்ப வழியில்லை. வெளியிலிருந்து நடுவில் வந்து சேரும் பிள்ளையின் பாடு இன்னும் மோசம். என் மகள் நான்காம் ஆண்டில் சேர்ந்தது பி சுற்றில். அடுத்த ஆண்டு அவள் மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். கற்காலமும் எகிப்தும் அவளுக்கு நிரந்தரமாக விடுபட்டுவிட்டன. முந்தைய பள்ளியில் ரோமானியர்களை ஏற்கெனவே படித்திருந்ததால் அதே சாலைகளையும் அதே குளியலறைகளையும் இரண்டாம் முறை படித்தாள். சேர்க்கையின்போது அவள் எதைப் படித்திருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. வாசிப்புத் திறனையும் கணக்கையும் சோதித்தார்கள். மற்றவற்றைக் கேட்க ஒரு தாள் கூட இல்லை. பின்னர் நான் சுட்டிக்காட்டியபோது வருத்தம் தெரிவித்து, விடுமுறையில் படிக்க இரண்டு நூல்களைக் கொடுத்தனுப்பினார்கள். அது போதாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் குறையைச் சரிக்கட்டப் பள்ளி செய்திருக்கும் ஒரு காரியம் மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நடு வகுப்பறையின் நீளச் சுவரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கயிறு கட்டி, அதில் துணி உலர்த்தும் கிளிப்புகளால் அட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வரலாற்றுப் பாடமும் ஒரு பிள்ளை எழுந்துபோய் அன்றைய அட்டையை அதற்குரிய இடத்தில் மாட்டுவதில்தான் தொடங்குகிறது. இரும்புக்காலத்துக்கு முன்னால் எவ்வளவு நீளம் வெறுங்கயிறாகக் கிடக்கிறது என்று பார்த்த ஒரு பெண், “அவ்வளவு நாள் யாரும் ஒன்றுமே செய்யவில்லையா?” என்று கேட்டதாக மகள் வந்து சொன்னாள். அந்தக் கேள்வியை விட்டுவிடாமல், அடுத்த பாடத்தை அதிலிருந்தே ஆசிரியர் தொடங்கியிருக்கிறார். தலைகீழாகப் படிக்கும் அணிக்கும் எது முன், எது பின் என்பது இந்தக் கயிற்றால் ஓரளவு பிடிபடுகிறது. இங்கே ஒரு சிறு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாகரிகங்கள் என்ற தலைப்பில் சுமேரியா, சிந்துவெளி, எகிப்து, சீனத்தின் ஷாங் மரபு ஆகிய நான்கையும் மேலோட்டமாகக் காட்டிவிட்டு ஒன்றை மட்டும் ஆழமாகப் படிக்கலாம் என்று தேசியப் பாடத்திட்டம் அனுமதிக்கிறது. நான் அறிந்த பள்ளிகள் எல்லாம் எகிப்தையே எடுக்கின்றன, இதுவும் அப்படியே. மம்மிகளோடு போட்டியிட மொகஞ்சதாரோவின் சாக்கடைகளால் முடியாது போலிருக்கிறது.

கலப்பு வகுப்பு என்றதும் முகம் சுளிக்கும் நம்மவர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். இந்தப் பள்ளியின் வாயில் வளைவில் ‘நேஷனல் ஸ்கூல்’ என்று கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்குத் திருச்சபையின் வழியில் கல்வி தருவதற்காக 1811இல் தொடங்கப்பட்ட தேசியச் சங்கத்தின் பெயர் அது. இங்கிலாந்தின் கிராமங்களில் இன்றும் நிற்கும் பழைய பள்ளிகளில் ஏராளமானவை அந்தச் சங்கம் எழுப்பியவை. அந்தச் சங்கம் கைக்கொண்ட கற்பித்தல் முறைக்கு ‘மதராஸ் முறை’ என்று பெயர். சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்துப் பார்த்தார், அது பலித்தது. நாம் சட்டாம்பிள்ளை என்று அழைத்த ஏற்பாடுதான் கப்பலேறிப் போய் இங்கிலாந்தின் கிராமப் பள்ளிகளில் அமர்ந்தது. அந்த முறை ஒப்பிப்பதிலேயே முடிந்துபோயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நடு வகுப்பறையில் நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி மூன்றாம் ஆண்டுச் சிறுவனுக்கு வரைபடத்தில் ஆறிலக்கக் கட்ட எண்ணைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இது நம் வீட்டுச் சரக்கு என்ற நினைப்பு வராமல் இல்லை. கோபுரம் உள்ள தேவாலயத்துக்குக் கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை, கூர்முடி உள்ளதற்குக் கறுப்பு வட்டத்தின் மேல் சிலுவை என்று அவள் விளக்க, ஜன்னல் வழியே எங்கள் ஊர்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டு அவன் சதுரத்தில் விரலை வைத்தான்.

கணிதத்தில் இந்த உதவி எடுபடுவதில்லை. மூன்றாம் ஆண்டில் 3, 4, 8 வாய்ப்பாடுகள், நான்காம் ஆண்டு முடிவதற்குள் 12 வரை எல்லா வாய்ப்பாடுகளும் என்று தேசியப் பாடத்திட்டம் ஆண்டுவாரியாக ஏணி கட்டி வைத்திருக்கிறது. அதைச் சுழற்சியில் விட முடியாது. ஆகவே கணித வேளையில் மட்டும் அறை இரண்டாகிறது. பெற்றோரை அழைத்த ஒரு காலையில் பார்த்தேன்: வெள்ளைப் பலகையின் நடுவே நீல டேப் ஒட்டி, இடப்பக்கம் மூன்றாம் ஆண்டு, வலப்பக்கம் நான்காம் ஆண்டு. ஆசிரியர் இருபது நிமிடம் வலப்பக்கத்தில் பின்னம் நடத்தும்போது இடப்பக்கத்துப் பிள்ளைகள் உதவி ஆசிரியரின் மேற்பார்வையில் தாமாகக் கணக்குப் போடுகிறார்கள், பிறகு மாறுகிறார்கள். உதவி ஆசிரியர் இருக்கும்வரை இது ஓடுகிறது. எங்கள் முதலாண்டின் வசந்தப் பருவத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு மாற்றாள் வரவில்லை. மகளின் கணக்கு நோட்டில் அந்த ஆறு வாரங்களும் தெளிவாகத் தெரிகின்றன. தசமப் பின்னங்கள் தொடங்கிய பக்கத்திலிருந்து சரி-தவறு குறிகள் குறைந்து, ஒரே வகைக் கணக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த ஜூனில் நடந்த வாய்ப்பாட்டுத் தேர்வில், கணினித் திரையில் 25 கேள்விகள், கேள்விக்கு 6 வினாடி என்று நடப்பதில், அவள் நன்றாகவே செய்தாள் என்றால் அதற்குக் காரணம் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் ஓதிய வாய்ப்பாடுதான். தசமத்தை அப்படி ஓதிச் சமாளிக்க முடியவில்லை. அதைக் கோடையில் நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

பள்ளியின் மிகச் சிறந்த பாடம் எது என்று கேட்டால், கல்லறைத் தோட்டத்தில் நடந்த பாடத்தைத்தான் சொல்வேன். பள்ளி மதிலில் உள்ள சிறு கதவைத் திறந்தால் தேவாலய வளாகம். வட்டார வரலாறு ஒன்றைப் பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்பது தேசியப் பாடத்திட்டத்தின் விதி. அதற்கு இந்தப் பள்ளி பேருந்து ஏறிப் போக வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஒரு கல்லறைக் கல் என்று பிரித்துக்கொடுத்து, பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் எழுதி வரச் செய்து, வயதைக் கழித்துக் கண்டுபிடித்து, வகுப்பில் வரைபடமாக்கினார்கள். ஐந்து வயதைத் தாண்டாமல் போன பிள்ளைகளின் எண்ணிக்கை வரைபடத்தின் இடது ஓரத்தில் உயர்ந்து நின்றபோது அறை அமைதியாகிவிட்டதாம். மறுவாரம் அதே கற்களிடம் அறிவியலுக்காகத் திரும்பிப் போனார்கள். மணற்கல்லில் வெட்டிய எழுத்துகள் ஏடு ஏடாக உரிந்திருக்கின்றன. பளிங்குக் கல்லைத் தொட்டால் சர்க்கரை போல நறநறக்கிறது. அவற்றுக்கிடையே நிற்கும் ஸ்லேட் கல்லில் மட்டும் இருநூறாண்டு எழுத்து நேற்று வெட்டியது போல இருக்கிறது. ஏன் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. வகுப்புக்குத் திரும்பி, சுண்ணாம்புக்கல், மணற்கல், ஸ்லேட் துண்டுகளின் மேல் வினிகர் சொட்டு விட்டுப் பார்த்த பிறகே பேச்சு தொடங்கியிருக்கிறது.

அதே பாடத்தின் தொடர்ச்சியாகப் பள்ளியின் பழைய நாட்குறிப்பேட்டையும் எடுத்தார்கள். அரசு மானியம் பெறும் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் இப்படி ஓர் ஏடு எழுத வேண்டும் என்று 1862இல் விதி வந்தது. இந்தப் பள்ளியின் ஏடு இன்னும் இருக்கிறது. உருளைக்கிழங்கு பொறுக்கப் போனதால் வருகை குறைவு, பனியால் பள்ளி மூடல், கக்குவான் இருமல் என்று வரும் குறிப்புகளைப் படித்துவிட்டு, பிள்ளைகள் தம் வாரத்தை அதே நடையில் எழுதினார்கள். மகள் எழுதியது: “செவ்வாய்: மழை. கழிப்பறைக் குழாய் உடைந்தது. இருவர் அழுதனர்.” அவள் அதுவரை எழுதிய கட்டுரைகளிலேயே அதுதான் சிக்கனமானது. ஒரே இடத்திலிருந்து வரலாறு, கணக்கு, அறிவியல், எழுத்து நான்கும் பிறந்த இந்தப் பாடத்தை எந்த நகரப் பள்ளியும் இவ்வளவு இயல்பாக நடத்திவிட முடியாது.

சின்ன வகுப்பில் எழுத்தொலி கற்பிப்பதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாள்தோறும் தவறாமல் நடக்கிறது. படித்து முடித்த ஒலிகளை மட்டுமே கொண்ட நூல்கள் வீட்டுக்கு வருகின்றன. ஒன்றாம் ஆண்டு முடிவில் 40 சொற்களைப் படித்துக்காட்டும் தேர்வு உண்டு; அதில் பாதி பொருளே இல்லாத பொய்ச்சொற்கள். எழுதியதை எழுதியபடியே படித்துப் பழகிய நமக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். ஒரே எழுத்துக்கு நான்கு ஒலி இருக்கும் மொழியில் அப்படிச் சோதிப்பதில் நியாயம் இருக்கிறது. மகன் பொய்ச்சொற்களை ரசித்துப் படித்தான். அவற்றில் இரண்டை எங்கள் பூனைக்குப் பெயராகவும் வைத்துவிட்டான்.

திருச்சபைப் பள்ளி என்பதால் சமயம் எவ்வளவு என்பதே நம் குடும்பங்கள் தயங்கும் இடம். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இப்பள்ளிகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. எங்களுடையது உள்ளாட்சியின் கட்டுப்பாடு அதிகம் உள்ள வகை; அதில் சேர்க்கையை உள்ளாட்சி முடிவு செய்கிறது, ஞானஸ்நானச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை, சமயக் கல்வி உள்ளாட்சி வகுத்த பொதுப் பாடத்திட்டப்படி நடக்கிறது. கிறித்தவம் முதன்மையாகவும், இந்து, இஸ்லாம், யூதம் முதலியவை அதற்கு அடுத்தும் வருகின்றன. நாள்தோறும் கூட்டு வழிபாடு உண்டு. வாரம் ஒருமுறை ஆயர் வருகிறார். வழிபாட்டிலிருந்தும் சமயக் கல்வியிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படி இருக்கிறது. சைவக் குடும்பமான நாங்கள் விலக்கவில்லை; அதற்காக வருந்தவும் இல்லை. தீபாவளியைப் பற்றிய பாடத்தில் இராமன் அயோத்திக்குத் திரும்பிய கதை மட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் நரகாசுரன் கதையைத்தான் சொல்வோம் என்று மகள் கையைத் தூக்கிச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் ஆசிரியர் என்னை அழைத்து, வகுப்பில் வந்து பேச முடியுமா என்று கேட்டார். ஒரே பண்டிகைக்கு இரண்டு ஊரில் இரண்டு கதை இருக்கலாம் என்பதைப் பாட ஏட்டிலேயே குறித்துக்கொண்டார். அடுத்த சுற்றிலும் அது இருக்கும் என்றார், பார்க்க வேண்டும்.

இதைவிட எனக்குச் சங்கடமாக இருந்தது ‘விழுமியங்கள்’ என்ற ஏற்பாடு. ஆண்டின் ஆறு அரைப்பருவங்களுக்கும் நன்றி, துணிவு, மன்னிப்பு என்று ஒவ்வொன்றை வைத்து, எல்லாப் பாடத்திலும் அதைக் கோக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஊரிலிருந்து முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைப் பிள்ளைகள் படிக்கும்போது துணிவைப் பற்றிப் பேசுவது பொருந்துகிறது. வகுத்தல் கணக்கின் தலைப்பில் ‘தாராள மனம்’ என்று எழுதியிருப்பது பொருந்தவில்லை; மீதி வரும் கணக்குகளில் அந்த மீதி யாருக்குப் போகிறது என்று மகள் கேட்டதற்கும் விடை இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறமொழியாகப் பிரெஞ்சு, வெளியிலிருந்து வரும் ஓர் ஆசிரியர் வாரம் அரைமணி நேரம் நடத்துகிறார். சுழற்சி இங்கே முற்றிலும் தோற்றுவிட்டது: புதிதாக வரும் மூன்றாம் ஆண்டுக்காக ஒவ்வொரு செப்டம்பரிலும் நிறங்களும் எண்களும் மறுபடி தொடங்குகின்றன. இசையில் எல்லாருக்கும் கித்தார் போன்ற சிறு கருவியான உகுலேலே. ஓசை அதிகம், பயனும் உண்டு. கணினிப் பாடம் பெயருக்கு நடக்கிறது. உடற்கல்விக்குப் பெரிய புல்வெளி இருக்கிறது. தொடக்கப் பள்ளி முடிவதற்குள் 25 மீட்டர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதிக்காகப் பக்கத்து நகரக் குளத்துக்கு வேனில் போகிறார்கள். அதற்குப் பெற்றோரிடம் விருப்ப நன்கொடை கேட்கிறார்கள்.

ஆய்வறிக்கையை மட்டும் நம்பி இப்படிப்பட்ட பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு 2019 முதல் பாடத்திட்டத்தை ஆய்வின் மையத்தில் வைத்ததிலிருந்து, பாடத்துக்குப் பாடம் அழகான ஆவணம் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது. ஒற்றைச் சொல்லில் தரம் சொல்லும் வழக்கத்தையும் 2024 செப்டம்பரில் கைவிட்டுவிட்டார்கள். ஆறாம் ஆண்டில் எட்டுப் பேர் மட்டும் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தேர்ச்சி விழுக்காடு 12.5 இறங்கிவிடும், ஆகவே தேர்வு முடிவுகளை ஒப்பிடுவதும் வீண். பள்ளியைப் பார்க்கப் போகும்போது மூன்றைக் கேளுங்கள். இந்த ஆண்டு எந்தச் சுற்று நடக்கிறது, என் பிள்ளைக்கு எது விடுபடும், அதற்கு என்ன செய்வீர்கள் என்பது முதல் கேள்வி. கணித வேளையில் அறையில் எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள் என்பது இரண்டாவது. ஒரே பிள்ளையின் சென்ற ஆண்டு வரலாற்று நோட்டையும் இந்த ஆண்டு நோட்டையும் அருகருகே காட்ட முடியுமா என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் நான் கேட்காமல் சேர்த்தேன்.

மகன் மூன்றாம் ஆண்டுக்குப் போகும் செப்டம்பரில் ஏ சுற்று தொடங்கும். கற்காலத்திலிருந்து நேர்வரிசையில் எல்லாம் அவனுக்குக் கிடைக்கும். மகள் இப்போது கடைசி அறையில் இருக்கிறாள். சென்ற மாதம் அவளைத் தம்பியின் வகுப்புக்கு வாசிப்புத் துணையாக அனுப்பினார்கள். போகும் வழியில் நடு அறைச் சுவரில் எகிப்து அட்டை மாட்டியிருப்பதைப் பார்த்து, ஐந்து நிமிடம் நின்று படித்துவிட்டுத் தாமதமாகப் போயிருக்கிறாள். தாமதத்துக்கு ஆசிரியர் கோபிக்கவில்லை. அந்த அட்டையின் நகல் ஒன்றை எடுத்து அவள் பையில் வைத்து அனுப்பியிருந்தார்.